பனை மரமா, புல்லா?

கீழ்பென்னாத்தூர் ஏரிக்கரையில் நின்றுகொண்டு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால், "மரந்தான் சார், இதுகூடவா?" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். எதை வைத்து மரம் என்கிறாய் என்று அடுத்துக் கேட்க வேண்டும். உயரமாக இருக்கிறது என்பான் ஒருவன். மூங்கிலும் உயரந்தான். தண்டு கெட்டியாக இருக்கிறது என்பாள் ஒருத்தி. அப்படியானால் கிளை எங்கே என்று இன்னொரு பிள்ளை கேட்கும். வேப்பமரத்தைப் பார்ப்பார்கள், பனையைப் பார்ப்பார்கள், பேச்சு நின்றுபோகும். உயிர்களை வகைபிரித்துப் பெயரிடும் படிப்பை ஒரு குழந்தைக்குத் தொடங்கிவைக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

தொல்காப்பியத்தின் மரபியல் இந்தக் கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறது. வெளிப்பக்கம் வயிரம் பாய்ந்தது புல், உட்பக்கம் வயிரம் பாய்ந்தது மரம் என்பது அதன் இலக்கணம். அதன்படி பனை, தென்னை, கமுகு, மூங்கில் எல்லாம் புல். புளியும் வேம்பும் மரம். பனையை அறுத்து ஓட்டு வீட்டுக்குக் கைமரம் போட்ட தச்சரைக் கேட்டால் இதையே வேறு வார்த்தையில் சொல்வார்: கெட்டியெல்லாம் ஓரத்தில், நடுவில் வெறும் சோறு. கருவேலத்தை அறுத்தால் நேர்மாறாக இருக்கும். நடுவில் கருஞ்சிவப்பு வயிரம், ஓரத்தில் வெளிறிய மரம்.

இந்த வேறுபாட்டுக்கு இன்றைய தாவரவியல் ஒரு காரணம் சொல்கிறது. வேம்பு, புளி போன்றவற்றின் பட்டைக்கு அடியில் வளரும் திசு ஒன்று மெல்லிய வளையமாக ஓடுகிறது. கேம்பியம் என்று அதற்குப் பெயர். அது ஆண்டுதோறும் உள்பக்கம் புது மரத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறது. பழைய மரம் நடுவில் மாட்டிக்கொண்டு, சாயமும் பிசினும் ஏறி, வயிரமாகிறது. பனைக்கும் நெல்லுக்கும் இந்த வளையம் கிடையாது. பனைத்தண்டின் நார்க்கற்றைகள் ஓரத்தில் நெருக்கமாகவும் நடுவில் கலைந்தும் கிடக்கின்றன. அதனால்தான் பனை ஒரு பருமனுக்கு மேல் பெருப்பதில்லை, மேலே மட்டும் போகிறது. நெல், சோளம், மூங்கில், வாழை, பனை எல்லாம் ஒருவித்திலைத் தாவரங்கள் என்ற ஒரே பெருங்கூட்டத்தைச் சேர்ந்தவை. தொல்காப்பியரின் 'புல்' அந்தக் கூட்டத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. விதையைப் பிளந்து பார்க்காமல் தண்டை வெட்டிப் பார்த்தே இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்.

விதையைப் பிளக்கவும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையின் இருபுறமும் மணிலா (வேர்க்கடலை) வயல்கள்தான். ஆளுக்கு நாலு கொட்டை கொடுத்துத் தோலை உரிக்கச் சொல்லுங்கள். பருப்பு இரண்டாகப் பிளக்கும். ஒரு பாதியின் நுனியில் மூக்குப் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் குட்டிச் செடி. இரண்டு பாதிகளும் அதற்குக் கட்டிக்கொடுத்த சோறு, அவையே அதன் முதல் இரண்டு இலைகளும்கூட. மணிலா முளைத்து வந்தபின் தரையருகே தடித்த இரண்டு இலைகள் நிற்பதை வயலில் காட்டலாம். பக்கத்தில் ஊறவைத்த மக்காச்சோளத்தை வைத்தால், அது அப்படி இரண்டாகப் பிளக்காது.

பனைக்கு வந்தால் விஷயம் இன்னும் ருசியாகிறது. கிழங்குக்காகப் புதைத்த பனங்கொட்டையை முளைத்தபின் வெட்டினால் உள்ளே வெள்ளையாக, பஞ்சு போல, இனிப்பாக ஒன்று இருக்கும். தவுண் என்றும் பூரான் என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறும். அதைத் தின்னாத கிராமத்துப் பிள்ளை கிடையாது. அது என்ன உறுப்பு என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. அதுதான் பனையின் ஒற்றை வித்திலையின் நுனி. இலையாக வெளியே விரியாமல் கொட்டைக்குள்ளேயே தங்கி, அங்கிருக்கும் உணவை உறிஞ்சி வளரும் கன்றுக்கு அனுப்புகிறது. ஒருவித்திலை, இருவித்திலை என்ற சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதற்கும், வாயில் தவுணை வைத்துக்கொண்டு அதே சொல்லைக் கேட்பதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. இந்த நூல் முழுவதும் நான் வற்புறுத்துவது இந்த வரிசையைத்தான்: முதலில் கையில் பொருள், அடுத்து வேறுபாடு, அதன்பின் பெயர்.

பெயர்களைக் கற்றுக்கொள்ளும் திறன் பிள்ளைகளுக்குக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2002-ல் ஆண்ட்ரூ பால்ம்ஃபோர்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 'சயின்ஸ்' இதழில் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். பிரிட்டனில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 109 பேரிடம் படஅட்டைகளைக் காட்டினார்கள். சிலவற்றில் அந்நாட்டில் சாதாரணமாகக் காணப்படும் செடிகளும் விலங்குகளும், சிலவற்றில் போக்கிமான் என்ற விளையாட்டில் வரும் கற்பனை விலங்குகளும் இருந்தன. எட்டு வயதுப் பிள்ளைகள் போக்கிமானில் கிட்டத்தட்ட 80 சதவீதத்தைப் பெயர் சொன்னார்கள். உண்மையான உயிர்களில் பாதியளவுதான் தெரிந்திருந்தது. அந்த ஆய்வைப் படித்து வருந்துகிறவர்கள் அதிகம். எனக்கு அதில் நம்பிக்கையும் தெரிகிறது. யாரும் பாடம் நடத்தாமலே, நுணுக்கமான வேறுபாடுகளைப் பார்த்து நூற்றுக்கணக்கான பெயர்களைப் பிள்ளைகள் மனத்தில் ஏற்றிக்கொள்கிறார்கள். அந்த ஆசைக்கு நாம் எதைக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

ஏரிக்கரைக்கு வருவோம். முதல் வகுப்புக்கு எந்தப் புத்தகமும் வேண்டாம். விழுந்து கிடக்கும் இலைகளை ஆளுக்கொரு பிடி பொறுக்கிவரச் சொல்லி, ஒரு பழைய வேட்டியை விரித்துக் குவித்து, "ஒரே சாதியை ஒன்றாக வை" என்று மட்டும் சொல்லுங்கள். சிறுசு பெருசு என்று பிரிப்பார்கள் சிலர். பழுத்தது, பச்சை என்று பிரிப்பார்கள் சிலர். ஒரே வேம்பின் தளிரும் முற்றலும் இரண்டு குவியலில் விழும்போது சண்டை வரும். அந்தச் சண்டையை ஆசிரியர் தீர்த்துவைக்கக் கூடாது. எந்த அடையாளம் மாறாமல் நிற்கிறது, எது வயதோடும் வெயிலோடும் மாறுகிறது என்று அவர்களே கண்டுபிடிக்க விட வேண்டும். நிறமும் அளவும் ஏமாற்றும், நரம்பு ஓடும் விதமும் காம்பில் இலை அமைந்திருக்கும் முறையும் ஏமாற்றாது என்ற முடிவுக்குப் பிள்ளைகள் தாங்களாகவே வந்துவிடுவார்கள். உலகத்தின் தாவரவியலாளர்கள் வந்து சேர்ந்த முடிவும் இதுதான். அவர்கள் இலையைவிடப் பூவையும் காயையும் இன்னும் அதிகமாக நம்பினார்கள்.

பூவுக்கு மணிலா வயலே போதும். செடிக்கடியில் மஞ்சள் பூ, பட்டாம்பூச்சி உட்கார்ந்தது போல. பெரிய இதழ் ஒன்று பின்னால் நிமிர்ந்து நிற்கும், இரண்டு பக்கவாட்டில், இரண்டு சேர்ந்து கீழே படகாகும். இந்த அமைப்பைப் பார்த்துவிட்ட கண்ணுக்கு அகத்தியிலும் சணப்பையிலும் புங்கம் பூவிலும் துவரையிலும் அதே ஐந்து இதழ்கள் அதே இடத்தில் தெரியும். ஏரி ஓரத்துப் புங்கமரமும் வயலில் முழங்கால் உயரம்கூட இல்லாத மணிலாவும் ஒரே குடும்பம் என்று ஒரு பத்து வயதுப் பெண் தானே கண்டுபிடிக்கும் தருணத்துக்காக எத்தனை வெயிலிலும் நடக்கலாம். உடனே ஆவாரம்பூவை நீட்டுங்கள். அதுவும் அதே குடும்பந்தான், ஆனால் பட்டாம்பூச்சி வடிவம் இல்லை. பின் எதை வைத்து உறவு? காயைப் பார்க்கச் சொல்லுங்கள். அவரைக்காய் போலத் தட்டையான காய்க்குள் வரிசையாக விதைகள்.

இப்படி உறவு பிடிபட்டபின்தான் இரட்டைப் பெயர் தேவைப்படுகிறது. ஸ்வீடன் நாட்டுக் கார்ல் லின்னேயஸ் 1753-ல் செடிகளுக்கும் 1758-ல் விலங்குகளுக்கும் எழுதிய நூல்களிலிருந்துதான் இன்றைய அறிவியல் பெயர்களின் கணக்கு தொடங்குகிறது. அவருக்கு முன்னால் ஒரு செடியின் பெயர் ஒரு முழு வாக்கியமாக நீளும்: இன்ன தண்டு, இன்ன இலை, இன்ன பூ உள்ள இன்ன செடி என்று. அதைக் குறுக்கி இரண்டு சொல்லாக்கினார் அவர். முதல் சொல் கூட்டத்தின் பெயர், இரண்டாவது அந்தக் கூட்டத்துக்குள் இது எது என்று காட்டுவது. பிள்ளைகளுக்கு இதை விளக்க நம் வருகைப் பதிவேடே போதும். அப்பா பெயரின் எழுத்து முன்னால், தன் பெயர் பின்னால். எழுத்தைப் பார்த்து யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிகிறது, பெயரைப் பார்த்து எந்தப் பிள்ளை என்று தெரிகிறது. மணிலாவுக்கு லின்னேயஸ் இட்ட பெயர் அராக்கிஸ் ஹைப்போஜியா. பின்சொல்லுக்கு 'மண்ணுக்கு அடியில்' என்று பொருள். பூ மேலே பூக்கிறது, சூல்கொண்டபின் விழுது இறங்கி மண்ணுக்குள் போய்க் காய்க்கிறது. விழுது இறங்கும் பருவத்தில் செடியை ஆட்டக் கூடாது என்று அப்பா அம்மாவிடம் ஏச்சு வாங்கிய பிள்ளைக்கு அந்த லத்தீன் சொல் அந்நியமாக இருக்காது.

அந்நியமாக இல்லாமல் போக இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் பெயர்களில் கணிசமானவை எழுதப்பட்ட இடம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. டேனிஷ்காரர்கள் வசமிருந்த தரங்கம்பாடிக்கு 1768-ல் யோகான் கெர்ஹார்ட் கோனிக் என்ற மருத்துவர் வந்து இறங்கினார். லின்னேயஸிடம் நேரில் படித்தவர். இங்கே செடி சேகரித்துத் தன் ஆசிரியருக்கு அனுப்பினார், 1785-ல் இறக்கும்வரை இந்தியாவை மையமாக வைத்தே அலைந்து சேகரித்தார். நம் வீட்டு ரசத்தில் மிதக்கும் கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் இருப்பவர் அவர்தான். முர்ராயா கோனிகி என்று பள்ளிப் புத்தகங்களிலும், பெர்ஜெரா கோனிகி என்று லின்னேயஸ் இட்ட பழைய பெயராலும் அது குறிக்கப்படுகிறது. அவருக்குப் பின் 1776-ல் வந்த ரோட்லர் பாதிரியார் ஒருபக்கம் செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டினார், மறுபக்கம் பெரிய தமிழ் அகராதி ஒன்றைத் தொகுத்தார். ஒரே மனிதர் ஊராரிடம் செடியையும் கேட்டார், அதன் பெயரையும் கேட்டார். முருங்கையின் மொரிங்கா, புங்கத்தின் பொங்கேமியா, பாவட்டையின் பாவெட்டா, வெட்டிவேரின் வெட்டிவேரியா என்று தமிழ் மலையாளக் கரைகளின் பேச்சு லத்தீனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இந்தச் செடிகளை முதலில் வேறுபடுத்தி அறிந்து, கேட்டவருக்குச் சொன்ன வைத்தியர்களும் கூலிக்காரர்களும் பெரும்பாலும் எந்தத் தாளிலும் இல்லை. இதையும் பிள்ளைகளிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஏரியில் தண்ணீர் வற்றும் காலத்தில் மீன் பிடிக்கப் போகும் பையன்களுக்கு விராலையும் குறவையையும் பிரித்தறியத் தெரியும். இரண்டும் ஒரே சாதி என்றும் தெரியும். தண்ணீருக்கு மேலே வாயைத் தூக்கிக் காற்றுக் குடிக்கும், சேற்றில் கிடந்து உயிர் பிழைக்கும். இரண்டையும் 1793-ல் அறிவியலுக்காக விவரித்து எழுதியவர் பெர்லினில் இருந்த மார்க்கஸ் எலீசர் பிளாக். தரங்கம்பாடியிலிருந்து ஜான் என்ற பாதிரியார் அவருக்கு மீன்களை அனுப்பிக்கொண்டிருந்தார். பிளாக் இரண்டுக்கும் பாம்புத்தலை என்று பொருள்படும் ஒரே முதற்பெயரை வைத்தார். இன்று இரண்டும் சன்னா என்ற பேரினத்தில் இருக்கின்றன. பெயர் மாறியது, உறவு மாறவில்லை. கீழ்பென்னாத்தூர்ப் பையன் கண்டதும் பெர்லின் மருத்துவர் கண்டதும் ஒன்றேதான்.

பனையேறிக் கெண்டையின் கதையை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி, 1791-ல் ஒரு குளக்கரைப் பனையின் தண்டுப் பிளவில் ஒரு மீனைப் பிடித்ததாக லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு எழுதினார். அந்தக் கட்டுரை 1797-ல் அச்சானது. தமிழ்ப் பெயரே பனையேறி என்பதால் உலகம் அதை நம்பியது. ஐரோப்பியப் புத்தகங்களில் மரமேறும் மீன் என்றே பெயர் பரவியது. பின்னால் வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். இந்த மீன் செவுள் மூடியை ஊன்றித் தரையில் ஊர்ந்து குளம் விட்டுக் குளம் போவது உண்மை. மரத்தில் இருந்ததைக் காக்கையோ பருந்தோ கொத்திப்போய் வைத்திருக்கலாம் என்று கருதினார்கள். ஒரு பெயருக்குள் ஒரு பார்வை இருக்கிறது, அந்தப் பார்வை சரியா என்று சோதிக்கலாம் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடச் சுவையான கதை கிடைக்காது. கீழாநெல்லியை எடுத்துக் கொடுத்து, "ஏன் கீழா?" என்று கேளுங்கள். இலைக்கொத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். அடிப்பக்கம் வரிசையாகக் காய் தொங்கும். இந்தப் பெயர் சோதனையில் தேறுகிறது. தூக்கணாங்குருவியின் அறிவியல் பெயர் தேறவில்லை. 1766-ல் லின்னேயஸ் வைத்த பின்சொல் அதைப் பிலிப்பைன்ஸ் குருவி ஆக்குகிறது. அந்தத் தீவுகளில் அது இயல்பாக வாழ்வதே இல்லை. ஆனாலும் முதலில் வைத்த பெயருக்கே உரிமை என்ற விதிப்படி அது நீடிக்கிறது.

அறிவியல் பெயர் மாறாதது என்று ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியில்லை. கரைமேல் நிற்கும் கருவேலத்தைப் பாருங்கள். லின்னேயஸ் அதைத் தொட்டாற்சுருங்கியின் கூட்டத்தில் வைத்து மிமோசா நிலோட்டிகா என்றார். பிறகு அக்கேசியா நிலோட்டிகா ஆனது. நாம் படித்த புத்தகங்களில் அதுதான். மரபணுவை ஒப்பிட்டபோது அக்கேசியா என்று சேர்த்து வைத்திருந்தவை ஒரே கிளையிலிருந்து வந்தவை அல்ல என்று தெரிந்தது. பிரித்தால் பழைய பெயர் யாருக்கு? 2005-ல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாட்டில் அது ஆஸ்திரேலிய மரங்களுக்குப் போனது. நம் கருவேலம் வாச்செலியா நிலோட்டிகா ஆகிவிட்டது. அதன் பக்கத்தில் முளைத்து ஏரியையே வளைத்திருக்கும் வேலிக்காத்தானும் புரோசோப்பிஸ் என்ற பெயரிலிருந்து 2022-ல் வேறு பேரினத்துக்குப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இதைக் கேட்டுப் பெற்றோர் அலுத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளுக்கோ இது உற்சாகம். பெரியவர்களும் அவர்களைப் போலவே குவியலைக் கலைத்து அடுக்குகிறார்கள் என்று தெரிகிறதே. உறவைப் பற்றி நமக்குத் தெரிந்தது கூடும்போது பெயரும் திருத்தப்படுகிறது. தேர்வுத்தாளில் ஒரே விடைதான் சரி என்று பழகிய பிள்ளைகளுக்கு இது முக்கியமான பாடம்.

ஊர்ப்பெயர் மட்டும் போதாத இடங்களும் உண்டு. ஏரியில் நிற்கும் வெள்ளைப் பறவை எல்லாமே ஊருக்குக் கொக்குதான். ஒரு தொலைநோக்கியைக் கைமாற்றிக் கொடுத்துப் பாருங்கள். கறுப்பு அலகும் கறுப்புக் காலும் இருந்து, கால்விரல் மட்டும் மஞ்சளாக இருந்தால் சின்னக் கொக்கு. மஞ்சள் அலகு, நீண்டு வளைந்த கழுத்து, வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. வாய்க்கோடு கண்ணோடு நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. மாட்டுக்குப் பின்னால் நடந்து, கிளம்பும் பூச்சியைக் கொத்தினால் உண்ணிக்கொக்கு. இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையும் கழுத்தும் மஞ்சள் பூசினாற்போல் ஆகும். உண்ணிக்கொக்கின் கீழைநாட்டு வகைக்குள்ள அறிவியல் பெயர் சோழமண்டலக் கரையின் பெயரையே தாங்கியது. ஒரே 'கொக்கு' நான்காகப் பிரிந்ததும், நான்கும் வேறு வேறு இடத்தில் வேறு வேறு தீனி தேடுகின்றன என்பது தானாகக் கண்ணில் படும். பெயர் பிரியாதவரை அந்த வேறுபாடு கண்முன் இருந்தும் தெரிவதில்லை. தமிழில் இதற்கு நல்ல துணை இருக்கிறது. ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா 2013-ல் வெளியிட்ட பறவைகள் அறிமுகக் கையேடு ஒரு பள்ளியில் ஒரு பிரதி இருந்தாலும் போதும்.

பாம்பு விஷயத்தில் பெயர் உயிர் காக்கும். இந்தியாவில் 2000-க்கும் 2019-க்கும் இடையில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இதில் பெரும்பங்கு நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நாலு இனங்களால்தான். இங்கே கிடைக்கும் விஷமுறிவு மருந்தும் இந்த நாலுக்கு எதிராகவே தயாராகிறது. ஆனால் அடிபட்டுச் சாகும் பாம்புகளில் சாரையும் மண்ணுளியும் தண்ணீர்ப்பாம்பும் எத்தனை! பிள்ளைகள் படத்திலும் தூரத்திலும் பார்த்து அடையாளம் கற்க வேண்டும். கிட்டே போவது, பிடிப்பது என்ற பேச்சே கூடாது. கடிபட்டால் பாம்பைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதும் அதே பாடத்தில் வர வேண்டும். இந்த அறிவில் நமக்கு ஆசான்கள் இருளர்கள். 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் மருந்துக்கான விஷத்தை எடுத்துத் தருகிறது. செங்கல்பட்டு மாவட்டத்து வடிவேல் கோபாலும் மாசி சடையனும் மலைப்பாம்புகளைத் தேடிப்பிடிக்க 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள், 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் இருளர் குடும்பங்கள் பல ஏரிக்கரைகளில் வாழ்கின்றன. அவர்கள் வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தால், ஏரிக்குப் போகும் நாளில் அந்தப் பிள்ளைதான் முன்னால் நடக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலில் கடைசியில் இருக்கும் ஒரு பெயர் அன்றைக்கு முதலில் வரும்.

பெயர் தெரியாத பிள்ளையை ஒருவர் எப்படி வரவேற்கிறார் என்பதைப் பொறுத்து எவ்வளவோ மாறும். 1908-ல் பம்பாயில் ஒரு சிறுவன் தான் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டைக் கண்டு, அது என்ன குருவி என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போனான். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட் அவனை விரட்டவில்லை. குருவியின் பெயரைச் சொல்லி, அலமாரிகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை வரிசையாகக் காட்டினார். அந்தச் சிறுவன்தான் சாலிம் அலி. எந்தப் பெயரையும் சொல்லிக்கொடுக்கத் தெரியாத ஆசிரியரும் மில்லார்டின் வேலையில் பாதியைச் செய்யலாம். "எனக்கும் தெரியாது, வா, பார்ப்போம்" என்று சொன்னால் போதும்.

பார்த்ததைப் பதிவு செய்வதுதான் அடுத்த கட்டம். செய்தித்தாளுக்கு நடுவே செடியை விரித்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, தாளைத் தினமும் மாற்றினால் நம் ஊர் வெயிலுக்கு ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். வேரோடு பிடுங்க நெருஞ்சி, நாயுருவி, குப்பைமேனி, தும்பை போல எங்கும் மண்டிக் கிடப்பவை போதும். அரிதானதைப் படம் வரைந்தால் போதும். காய்ந்த செடியைக் கெட்டி அட்டையில் தைத்து, வலது மூலையில் ஒரு சீட்டு: எங்கே எடுத்தது, எந்தத் தேதி, எடுத்தவர் யார், பூவின் நிறம் என்ன, ஊர்ப்பெயர் என்ன, அதைச் சொன்னவர் யார். கடைசி விவரத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆயா சொன்ன பெயரென்றால் ஆயாவின் பெயர் சீட்டில் ஏற வேண்டும். ரோட்லரின் தாள்களில் விடுபட்டதை நம் பிள்ளைகளாவது எழுதட்டும்.

திருச்சி புனித வளனார் கல்லூரியின் ரபினாட் உலர்தாவரகத்தில் இருப்பவையும் இத்தகைய தாள்கள்தான். அதை உருவாக்கிய கே. எம். மேத்யூ பாதிரியார் தம் மாணவர்களோடு ஆண்டுக்கணக்கில் நடந்து சேகரித்து, 1980-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் கர்நாடகச் சமவெளிக்கு ஒரு முழுத் தாவரநூல் எழுதினார். நம் செடிகளும் அதற்குள் அடக்கம். ஒரு பள்ளி சேர்த்த தாள்களைக் கோயம்புத்தூரில் இருக்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டலத் தாள்களோடு பிள்ளைகளே ஒருநாள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பறவைகளுக்கு இன்னும் எளிது. 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஒரு இடத்தில் நின்று எண்ணிய பட்டியலையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஏரி நிறைந்திருக்கும் தை மாதம், பள்ளியும் இல்லை, வலசை வந்த வாத்துகளும் இருக்கும்.

திருவண்ணாமலைக்கு அருகே மருதம் பண்ணைப் பள்ளியில் மலையும் காடும் பாடத்தின் பகுதியாகவே இருக்கின்றன. அந்தப் பள்ளியோடு தொடர்புள்ளவர்கள் அண்ணாமலையின் மொட்டைச் சரிவுகளில் இந்தப் பகுதிக்கே உரிய மரங்களைப் பல ஆண்டுகளாக நட்டு வளர்த்துவருகிறார்கள். எந்த மரம் இந்த மலைக்கு உரியது, எது வெளியிலிருந்து வந்தது என்று பிரிக்கத் தெரியாமல் அந்த வேலையில் கை வைக்க முடியாது. மரம் நடுவிழா நடத்தும் எத்தனையோ பள்ளிகள் பெயர் தெரியாத கன்றுகளை நட்டுவிட்டு வந்துவிடுகின்றன. அரசுப் பள்ளிக்கு அண்ணாமலை அளவு மலை தேவையில்லை. சுற்றுச்சுவருக்கு உள்ளே இருக்கும் ஆவாரம் புதரும் கிணற்றடி ஈரமும் ஓராண்டுப் பாடத்துக்குக் காணும்.

கிணற்றடிச் சுவரில் ஒரு சிலந்தி இருக்கும். எட்டுக்கால் பூச்சி என்போம். கால்களை எண்ணினாலே பூச்சி இல்லை என்று தெரிந்துவிடும், பூச்சிக்கு ஆறு கால்தான். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 2022-ல் 50,000-ஐத் தாண்டியது. தமிழில் தனிப்பெயர் உள்ளவை சொற்பம். எனவே இந்த ஒரு பிரிவில் பெயர் வைக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். வலை கட்டுகிறதா, கட்டாமல் தாவிப் பிடிக்கிறதா, வலை வட்டமா, தரையில் விரித்த புனல் போலா, முட்டைப் பையை எங்கே சுமக்கிறது, கண்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று ஒரு வாரம் பார்க்கட்டும். பிறகு ஒவ்வொரு குழுவும் தன் சிலந்திக்கு ஒரு பெயர் சொல்லி, காரணத்தையும் சொல்லட்டும். அடுத்த குழு அந்தக் காரணத்தை மட்டும் கேட்டுவிட்டுச் சுவரருகே போய், அதே சிலந்தியைக் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும். காட்ட முடிந்தால் பெயரை ஏட்டில் ஏற்றுங்கள். முடியாவிட்டால் மறுபடி போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள்.